வவுனியா, கொழும்பு, திருச்சியோடு பேச ஒரு தாழ்வான கம்பி அன்ரனா: யாழ்ப்பாணத்தில் கட்டிப் பார்த்த முறை

அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுவது) உரிமம் கையில் கிடைத்த முதல் இரண்டு மாதமும் என்னால் வவுனியாவில் இருக்கும் நண்பரோடு பேச முடியவில்லை. நேர்கோட்டில் பார்த்தால் 115 கிலோமீற்றர் அளவுதான். மொட்டை மாடியில் நெட்டுக்குத்தாக ஒரு கம்பி நிறுத்தியிருந்தேன். இரவில் அதில் இந்தோனேசியா துல்லியமாகக் கேட்கும். வவுனியா மட்டும் வராது. ரேடியோவில் பிழை, வயரில் பிழை, இடத்தில் பிழை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பிழை அன்ரனாவின் வகையில் இருந்தது.

நெட்டுக்குத்தான கம்பி அலையைத் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாக அனுப்பும். அது வானத்தில் மிக உயரே மின்னேறிய காற்றுப் படையான அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தரைக்கு வரும்போது ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தாண்டியிருக்கும். இடையில் உள்ள ஊர்களுக்கு அது விழாது. பக்கத்து ஊர்களோடு பேச வேண்டும் என்றால் அலையைத் தலைக்கு நேர் மேலே அனுப்ப வேண்டும். மேலே போய் 300 கிலோமீற்றர் அளவு உயரத்தில் திரும்பி, எங்களைச் சுற்றிலும் குடை விரித்தது போல இறங்கும். வவுனியா, திருகோணமலை, கண்டி, மட்டக்களப்பு, கொழும்பு, அந்தப் பக்கம் மதுரை, திருச்சி, சென்னை எல்லாம் அந்தக் குடைக்குள் அடங்கும். இதற்குத் தேவை தாழ்வாகக் கட்டிய 20 மீற்றர் வயர். அவ்வளவுதான். உயரமான கோபுரம் எதுவும் வேண்டாம்.

கீழே இருப்பது 40 மீற்றர் (7 மெகா ஹேர்ட்ஸ்) அலைவரிசைக்கு நான் கட்டிய அன்ரனா. கழற்றிச் சுருட்டி ஒரு துணிப்பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டு போகலாம்.

1. வயர் வாங்கும் முன் கடதாசிகள்

அன்ரனா கட்டிக் கேட்பது ஒன்று, அதில் பேசுவது வேறு. பேசுவதற்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தேர்வில் தேறி, உரிமமும், ரேடியோவில் உங்களை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியும் பெற்றிருக்க வேண்டும். ஆணைக்குழு கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. உரிமத்தில் உங்கள் தரத்துக்கு எந்த அலைவரிசைகள், எவ்வளவு வலு என்று எழுதியிருக்கும். அதை முதலில் வாசியுங்கள். நான் இங்கே சொல்லும் 7 மெகா ஹேர்ட்ஸ் உங்கள் தரத்துக்கு இல்லை என்றால் அளவுகள் மாறும். காலாவதித் திகதியையும் பாருங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் ரேடியோவை வைத்துக் கொண்டுவரச் சொல்வது. அலையை அனுப்பவும் வாங்கவும் கூடிய ரேடியோ ஒன்றை நாட்டுக்குள் கொண்டுவர முன்கூட்டியே ஆணைக்குழுவின் அனுமதி எடுக்க வேண்டும். எடுக்காமல் வந்தால் சுங்கத்தில் நின்றுவிடும். என் மச்சான் கொண்டுவந்த கருவி மூன்று மாதம் அப்படி நின்றது. அனுமதிக் கடிதம் கையில் கிடைத்த பிறகு பயணச்சீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

வெளியில் போகும்போது பையில் வைக்க வேண்டியவை: உரிமத்தின் போட்டோ கொப்பி இரண்டு, ரேடியோவுக்கான அனுமதி அல்லது வாங்கிய பற்றுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை. கொப்பிகளைப் பொலித்தீன் உறையில் போடுங்கள். எங்கள் பக்கத்தில் வயரும் ரேடியோவுமாக ஒருவர் கடற்கரையில் நின்றால் கேள்வி வரத்தான் செய்யும். எனக்கு ஒருமுறை முழுப் பின்னேரமும் விளக்கம் சொல்வதிலேயே போனது. உரிமத்தின் கொப்பியை நான் வீட்டில் விட்டிருந்தேன். இப்போது கிராம அலுவலருக்கும் அருகிலுள்ள பொலிசுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகிறேன். இராணுவ, கடற்படை முகாம்களின் அருகிலும் பலாலி விமான நிலையப் பக்கமும் கட்டாதீர்கள். வீட்டு வளவுக்குள் கட்டுவதென்றாலும் அயலவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பக்கத்து வளவு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, உது என்ன வயர்? கரண்ட் பாயுமோ?" என்று கேட்டார். கூப்பிட்டு உட்காரவைத்து ரேடியோவைக் கேட்கக் கொடுத்தேன். இன்று கயிறு இழுக்க அவர்தான் வந்து நிற்கிறார்.

2. பொருட்களும் செலவும்

பிளாஸ்திக் உறை போட்ட, பல இழைச் செம்பு வயர் 22 மீற்றர். 0.75 அல்லது 1 சதுர மில்லிமீற்றர் போதும். ஒற்றை இழை வயர் நாலு தரம் சுருட்டி விரித்தால் முறியும். வீட்டில் கிடக்கிறது என்பதற்காக அதை எடுக்காதீர்கள்.

ரேடியோவையும் அன்ரனாவையும் இணைக்க 50 ஓம் கோஅக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி வெளிவலை உள்ளது), ஆர்.ஜி-58 வகை, 15 மீற்றர். 7 மெகா ஹேர்ட்ஸில் இந்த நீளத்துக்கு இழப்பு அரை டெசிபெல் அளவுதான், கவலைப்பட ஒன்றுமில்லை. அதோடு ரேடியோ பக்கத்துக்கு பி.எல்-259 பிளக் ஒன்று.

கயிறு 30 மீற்றர், தங்கூசி ஒரு சுருள், ஈயக்குண்டு இரண்டு. இவை மூன்றையும் குருநகர்ப் பக்கத்தில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் ஒரே இடத்தில் எடுத்தேன்.

நடுத் துண்டுக்கும் முனைத் துண்டுகளுக்கும் சமையலறையில் மரக்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்திக் பலகை. ஒரு பலகையில் மூன்று அன்ரனாவுக்கான துண்டுகள் வரும்.

எனக்கு இவை எல்லாம் சேர்த்து 8,000 ரூபாவுக்குச் சற்றுக் கீழே முடிந்தது. அதில் பாதிக்கு மேல் கோஅக்ஸ். விலை மாறிக்கொண்டே இருப்பதால் கடைக்குப் போகும் நாளில் கேட்டுப் பாருங்கள். அளக்கும் கருவி தனிச் செலவு. நானோ விஎன்ஏ என்ற சின்னக் கருவி இருந்தால் வேலை பாதியாகும். ஆனால் அது அன்ரனாவைப் போல மூன்று மடங்கு விலை. உரிமம் பெற்ற நண்பரிடம் ஒருநாள் இரவல் கேளுங்கள், அல்லது ரேடியோவிலேயே எஸ்.டபிள்யூ.ஆர் (அனுப்பும் வலு அன்ரனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1க்குக் கிட்ட இருந்தால் நல்லது) காட்டும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கோஅக்ஸ் வாங்கும்போது கவனம். கேபிள் ரீவிக்குப் போடும் ஆர்.ஜி-6 எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். அது 75 ஓம் என்பது பெரிய பிரச்சினை இல்லை. அதன் வெளிவலை அலுமினியம், அதில் ஈயம் ஒட்டாது. நான் ஒரு முழு மாலை சொல்டர் கோலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மணி மணியாக உருண்டு விழுந்ததே தவிர ஒட்டவில்லை. கடையில் முனையைச் சுரண்டி, வலை செம்பா என்று பார்த்து வாங்குங்கள்.

3. அளந்து வெட்டுதல்

கணக்கு சின்னது. 143ஐ மெகா ஹேர்ட்ஸால் பிரித்தால் மொத்த நீளம் மீற்றரில் வரும். 7.1க்கு 20.14 மீற்றர், ஒரு பக்கம் 10.07. ஆனால் பிளாஸ்திக் உறை உள்ள வயர் மின்சாரக் கணக்கில் கொஞ்சம் நீளமாகத் தெரியும். ஆகவே கடைசியில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். இருந்தாலும் முதலில் ஒரு பக்கத்துக்கு 10.40 மீற்றராக வெட்டுங்கள். கூடினால் மடிக்கலாம், குறைந்தால் ஒட்டுப் போட வேண்டிவரும்.

வயரை நிலத்தில் இழுத்துப் பிடித்து அளவுங்கள். சுருண்ட வயரை அளந்தால் ஒரு பக்கம் ஒரு சாண் கூடிவிடும்.

4. நடுத் துண்டு: இதில் அவசரப்படாதீர்கள்

இந்த அன்ரனாவில் பழுதாகும் இடம் என்று ஒன்று இருந்தால் அது நடுத் துண்டுதான். மூன்று தரம் செய்து பார்த்த பிறகுதான் எனக்குச் சரியாக வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பலகையில் 10 சென்ரிமீற்றருக்கு 6 சென்ரிமீற்றர் துண்டொன்றை வெட்டுங்கள். இடப்பக்கம் மூன்று துளை, வலப்பக்கம் மூன்று துளை, மேலே கயிற்றுக்கு ஒன்று, கீழே கோஅக்ஸைக் கட்ட இரண்டு. ஒவ்வொரு வயரையும் மூன்று துளையாலும் உள்ளே வெளியே என்று பின்னி எடுத்தால், இழுக்கும் பாரம் பலகையில் நிற்கும், சொல்டர் போட்ட இடத்துக்குப் போகாது. கோஅக்ஸின் நடுக்கம்பியை ஒரு வயரோடும் வெளிவலையை மற்ற வயரோடும் முறுக்கி ஈயம் போடுங்கள். எந்த வயர் எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை. கோஅக்ஸைக் கீழ்த் துளைகளில் பிளாஸ்திக் கேபிள் டையால் இறுக்கிவிடுங்கள். அதன் பாரமும் மூட்டில் தொங்கக் கூடாது.

அப்புறம் தண்ணீர். வெட்டிய கோஅக்ஸ் முனை மேலே பார்த்தபடி இருக்கும். மழைத் தண்ணீர் வலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். நான் முதலில் செய்ததை ஐப்பசி மழைக்குப் பிறகு அவிழ்த்துப் பார்த்தபோது, மூட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு வலை கறுத்திருந்தது. விரலால் தேய்த்தால் பச்சைப் பொடி உதிர்ந்தது. நான் பூசியிருந்த சிலிக்கோனும் அதற்குக் காரணம். பூசும்போது வினாகிரி மணம் வரும் சிலிக்கோன் செம்பை அரிக்கும். அந்த வகையை வாங்காதீர்கள். சூடாக்கி ஊற்றும் பசையால் மூட்டு முழுவதையும் மூடி, அதன் மேல் றப்பர் நாடாவை இழுத்துச் சுற்றுங்கள். கோஅக்ஸ் முனை கீழே பார்க்கும்படி வளைத்துக் கட்டினால் இன்னும் நல்லது.

நடுத் துண்டுக்குக் கீழே கோஅக்ஸை நாலரை மீற்றர் அளவுக்கு 6 சுற்றாகச் சுற்றி, வளையமாகக் கட்டிவிடுங்கள். வளையத்தின் குறுக்களவு சின்னச் சாப்பாட்டுத் தட்டு அளவு, 24 சென்ரிமீற்றர் வரும். இது இல்லாவிட்டால் கோஅக்ஸின் வெளிவலையும் அன்ரனாவாக வேலை செய்யத் தொடங்கும். பேசும்போது மைக் உதட்டில் சுரீர் என்று சுடுவதும், எஸ்.டபிள்யூ.ஆர் கை பட்டால் மாறுவதும் அதன் அறிகுறி. சுற்றியதுக்குப் பிறகு 15 மீற்றரில் பத்து மீற்றர் அளவுதான் மிஞ்சும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

5. உயரமும் திசையும்

நடுப்பகுதி 6 மீற்றர், முனைகள் இரண்டும் இரண்டரை மீற்றர். தலைகீழ் வி வடிவம். நடுவுக்கு ஒரு தாங்கி போதும், முனைகளை வேலிக் கதியாலிலோ பூவரசிலோ கட்டலாம். பனை உச்சியில் ஏற்றினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று பலர் எனக்குச் சொன்னார்கள். தூரத்து நாடுகளுக்கு அது உண்மை. பக்கத்து ஊர்களுக்கு உண்மை இல்லை. கால் அலைநீளத்துக்கு, அதாவது பத்தரை மீற்றருக்கு மேலே போகப் போக அலை நேர் மேலே போவது குறைந்துகொண்டு வரும். 3 மீற்றருக்குக் கீழே இறக்கினால் நிலம் வலுவைத் தின்னும். 5 முதல் 8 மீற்றர் வரை எங்கே கட்டினாலும் வேலை செய்யும்.

திசை பற்றி வெளிநாட்டு வழிகாட்டிகளில் "எப்படியும் கட்டலாம்" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எங்கள் ஊருக்கு அது பொருந்தாது. நாங்கள் இருப்பது பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில். இங்கே காந்தப் புலக் கோடுகள் கிட்டத்தட்டத் தரைக்குச் சமாந்தரமாக, வடக்குத் தெற்காக ஓடுகின்றன. வயரும் அதே திசையில் இருந்தால், மேலே போகும் அலை குறைந்த இழப்போடு திரும்பி வருகிறது. கிழக்கு மேற்காகக் கட்டினால் இழப்புக் கூடும். என் வளவு கிழக்கு மேற்காக நீண்டது. வசதிக்காக அப்படியே கட்டி ஒரு மாதம் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் காலை ஒரு முனையைக் கிணற்றடிக்கும் மறுமுனையைப் படலையடிக்கும் மாற்றிக் கட்டியபோது, வவுனியா நண்பர் "இப்ப என்ன செய்தனீர், நல்லாக் கூடியிருக்கு" என்று தானாகவே சொன்னார். தொலைபேசியில் இருக்கும் திசைகாட்டி போதும், பாகை பார்த்து அளக்கத் தேவையில்லை. மற்ற முனையில் இருப்பவரையும் வடக்குத் தெற்காகக் கட்டச் சொல்லுங்கள்.

6. கட்டுதல்

முதலில் மேலே பாருங்கள். மின்சாரக் கம்பிகள் வீதியோரத்திலும் சில இடத்தில் வளவுக்குக் குறுக்காலும் போகும். வயரோ கயிறோ அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தக் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் அந்த இடம் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தங்கூசி நுனியில் ஈயக்குண்டைக் கட்டி, கெற்றப்போலால் கொப்புக்கு மேலால் விடுங்கள். குண்டு கீழே வந்ததும் தங்கூசியில் கயிற்றைக் கட்டி இழுத்தால் கயிறு ஏறிவிடும். முன்னால் யாரும் நிற்கக் கூடாது, ஓட்டு வீடு இருக்கும் பக்கம் குறிவைக்கக் கூடாது. வேம்பு, மா, பூவரசு நல்லவை. பனை வேண்டாம். கருக்கு மட்டையின் வாள்பல் ஓரம் காற்றில் உரசி நைலோன் கயிற்றை அறுத்துவிடும். எனக்கு இரண்டு கயிறு அப்படிப் போனது. ஒன்று சோளகம் தொடங்கி மூன்றாம் நாள் அறுந்தது. மரம் இல்லாத வெளியில், சாட்டிக் கடற்கரை போன்ற இடங்களில், 6 மீற்றர் சவுக்குத் தடியை மூன்று பக்கமும் கயிறு இழுத்து நிறுத்துகிறேன்.

முனைக் கயிறுகளை வில்லு நாண் போல இறுக்காதீர்கள். மரம் ஆடும்போது வயர் கொஞ்சம் கொடுக்க வேண்டும். முனைகள் ஆள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பேசும் நேரத்தில் மின்னழுத்தம் மிகக் கூடுதலாக இருக்கும் இடம் அதுதான், தொட்டால் தோல் வெந்துவிடும். பிள்ளைகள் விளையாடும் வளவென்றால் இதைச் சொல்லிவையுங்கள். இரண்டு பேர் இருந்தால் எல்லாம் 20 நிமிட வேலை. முதல்தரம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

7. நீளத்தைச் சரிசெய்தல்

கருவியை இணைத்து எஸ்.டபிள்யூ.ஆர் எந்த அதிர்வெண்ணில் மிகக் குறைவு என்று பாருங்கள். எனக்கு 10.40 மீற்றரில் 6.68 மெகா ஹேர்ட்ஸில் வந்தது. இப்போதுள்ள நீளத்தை அந்த அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் பிரியுங்கள். 10.40 பெருக்கல் 6.68 பிரித்தல் 7.10, விடை 9.78 மீற்றர். அந்தளவுக்கு வெட்டாமல், மிச்சத்தை வயரோடு வயராக மடித்து நாடாவால் சுற்றுங்கள். திரும்ப உயர்த்தி அளவுங்கள். அதன் பிறகு 100 கிலோ ஹேர்ட்ஸ் நகர்த்த ஒரு பக்கத்துக்கு 14 சென்ரிமீற்றர் அளவு. இரண்டு பக்கமும் ஒரே அளவு மடியுங்கள்.

1.5க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடுங்கள். 1.1 ஆக்க வேண்டும் என்று நான் ஒரு நாள் முழுக்க ஏற்றி இறக்கினேன், கேட்பதில் எந்த வித்தியாசமும் இல்லை. நிலம் நனைந்தால் அந்த அதிர்வெண் சற்றுக் கீழே இறங்கும், அதற்காக வயரை வெட்டாதீர்கள்.

ரேடியோவால் அளப்பதென்றால் வலுவை 5 வாற்றுக்குக் குறைத்து, அலைவரிசையில் யாரும் பேசவில்லை என்று கேட்டுவிட்டு, அழைப்புக்குறியைச் சொல்லி அனுப்புங்கள்.

8. எந்த நேரம் கூப்பிடுவது

எங்கள் பகுதியில் 40 மீற்றர் அலைவரிசை 7.000 முதல் 7.200 மெகா ஹேர்ட்ஸ் வரை. குரலில் பேச ரேடியோவை எல்.எஸ்.பி என்ற முறையில் வையுங்கள். காலை 6.30 முதல் 9 மணி வரையும் பின்னேரம் 4 மணிக்குப் பிறகும் இலங்கை, தமிழ்நாடு இரண்டும் நன்றாக வரும். உச்சி வெயிலில் அயன மண்டலத்தின் கீழ்ப்படை அலையை உறிஞ்சும், சிக்னல் மெலியும். பொழுது சாய்ந்த பிறகு குரல் படபடவென்று துடிப்பது போலக் கேட்டால், பழுது என்று நினைத்து ரேடியோவைக் கழற்றிப் பார்க்காதீர்கள். காந்த நடுக்கோட்டுப் பகுதியில் அது வழக்கம். விடியற்காலையில் பக்கத்து ஊர்கள் மறைந்து தூரத்து நாடுகள் மட்டும் மிஞ்சலாம். அந்த நேரத்துக்கு 80 மீற்றர் வேண்டும், ஒவ்வொரு முனையிலும் இன்னும் 10 மீற்றர் அளவு வயரைக் கிளிப்பால் இணைத்தால் இதே அன்ரனா அதற்கும் வரும். வளவு நீளம்தான் போதாமல் போகும். 7.110 எங்கள் பிராந்தியத்தின் அவசரகாலத் தொடர்பு மையம். வெள்ளம், புயல் நாட்களில் அங்கே முதலில் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

பேசும் முன் ஐந்து நிமிடம் கேளுங்கள். இரைச்சல் மட்டும்தான் என்றால் வீட்டு மெயின் சுவிச்சை நிறுத்தி, ரேடியோவைப் பற்றறியில் போட்டுப் பாருங்கள். என் வீட்டில் இரைச்சலில் முக்கால்வாசி விறாந்தையில் இருந்த ஒரு எல்.ஈ.டி மின்குமிழிலிருந்து வந்தது. சோலார் இன்வேட்டரும் அப்படித்தான். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி இரைச்சல் கூடும். இடிச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்தி, கோஅக்ஸை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். வானம் வெளிச்சமாக இருந்தாலும் போடுங்கள்.

12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றறி ஒன்றும் 20 வாற்று ரேடியோவும் இருந்தால் ஒரு காலைக்குப் போதும். இந்த அன்ரனாவில் முதல் நாள் 20 வாற்றுக்கு வவுனியா "ஐந்து ஒன்பது" கொடுத்தது, அதாவது தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்று. அடுத்த அரை மணி நேரத்தில் கண்டியும் திருச்சியும் வந்தன.

9. கழற்றிச் சுருட்டுதல்

வயரைக் கையில் வளையமாகச் சுருட்டினால் அடுத்த தரம் சிக்கெடுக்கவே நேரம் போகும். ஒரு முழ நீளப் பலகைத் துண்டில் எட்டு வடிவமாகச் சுற்றுங்கள். முனையில் தொடங்கி நடுவில் முடியுங்கள், விரிக்கும்போது நடுத் துண்டு முதலில் கையில் வரும். கடற்கரையில் கட்டியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் வயரையும் கயிற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திவிட்டுப் பையில் போடுங்கள். பிளக்கைத் தண்ணீரில் போடாமல் ஈரத் துணியால் துடையுங்கள். மடித்த இடத்தில் சுற்றிய நாடா வெயிலில் இளகும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாகச் சுற்றுங்கள்.